மோட்டார் கொட்டகைக் கூரையில் செயலாளரின் முகம்

எழுதுவது என் வேலை இல்லை. இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னித்துவிட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு படிவம் மூன்று, அதோடு சரி. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கவே கூச்சப்படுகிறவள் நான். அரசியலைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று பலமுறை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு முகத்தைப் பற்றி. அந்த முகத்தைச் செய்தவள் நான். வேறு யாருக்கும் அது தெரியாது என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே மோட்டார்கள் நிறுத்த ஒரு கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டையானதால் அதற்கு அடியில் ஒரு பழைய பேனரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து மோட்டாரை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றி அண்ணாந்தால் அதிலிருந்து ஒரு மனிதர் என்னைக் கடித்துவிடுவதுபோல் பார்ப்பார். வாய் திறந்திருக்கும். பல் தெரியும். கண்கள் இடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, முகம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். கீழே பெரிய எழுத்தில், 'கோபத்தை அடக்கத் தெரியாதவர் தொகுதியை ஆளலாமா?' என்று இருக்கும். அதற்கும் கீழே மலாயில் இரண்டே சொல், 'பானாஸ் பாரான்'. முன்கோபி என்று அர்த்தம். இப்போது குடிவந்திருக்கிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஏதோ சினிமா வில்லன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். சின்னப் பிள்ளைகள்கூட அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்த பிறகும் அவர் குரல் இறங்கியதே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் புறா செத்துக் கிடந்தபோது அவர் போனில் பேசியது எட்டாவது மாடியில் இருக்கும் எங்களுக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே தொட்டியைக் கழுவ ஆள் வந்தது. குப்பை லாரி நாலு நாள் வராவிட்டால் எல்லாரும் அவர் வாசலில்தான் போய் நிற்போம். 'செயலாளரே, கொஞ்சம் பேசுங்க' என்போம். பேசுங்கள் என்றால் எங்கள் பிளாட்டில் கத்துங்கள் என்று பொருள்.

அவர் கத்தியதெல்லாம் நியாயத்துக்குத்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். காவல்காரர் ஒருவரை ஆள் மாறித் திட்டிவிட்டு, மறுநாள் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்து, முகத்தைப் பார்க்காமல் போனவர் அவர். ஒருமுறை நான் தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்று கீழே நின்று கத்தினார். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பொட்டலம் எதுவும் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பேனரைச் செய்தபோது என் மனத்தின் ஒரு மூலையில் இதுவும் இருந்திருக்கலாம்.

நான் ஒரு பேனர் கடையில் கணினியில் படம் வெட்டி ஒட்டும் வேலை செய்கிறேன். முதலாளியின் குடும்பம் நாகூர்ப் பக்கம் இருந்து வந்தது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் எங்களிடம்தான் வருவார்கள். சில நாள் ஒரே நாற்காலியில் காலையில் ஒருவரும் மாலையில் அவருடைய எதிரியும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். முதலாளிக்கு ஒரே சட்டம்தான். 'நாம அச்சுப் போடறவங்க, ஓட்டுக் கேக்கறவங்க இல்ல. எந்தக் கொடி வந்தாலும் மிஷினுக்கு ஒரே மைதான்' என்பார். செயலாளர் சட்டமன்றத் தொகுதிக்கு நிற்கிறார் என்று செய்தி வந்த வாரம், எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் மடிக்கணினிப் பையோடு வந்தார். எங்கள் சங்கக் கூட்டத்தில் யாரோ போனில் பிடித்த வீடியோவை எனக்குக் கொடுத்தார். 'அக்கா, இந்த ஆளு கத்துவாருன்னு ஊருக்கே தெரியும். பாத்தவுடனே பயப்படற மாதிரி ஒரு மூஞ்சி எடுத்துக் கொடுங்க' என்றார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கத் தெரியாது. வீடியோவை ஓட்டினேன். ஒரு நொடியில் இருபத்தைந்து படம் இருக்கும். அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித் தேட வேண்டும். வேலை செய்யும்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டேன். நிஜமாகவே கத்துகிற மனிதனை நிறுத்திப் பார்த்தால் முகம் பயங்கரமாக இருப்பதில்லை. செயலாளர் லிப்ட்டைப் பற்றிக் கத்திய இடங்களையெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். கவலைப்படுகிற, களைத்துப்போன ஒரு மனிதர்தான் தெரிந்தார். எதுவும் உதவவில்லை. கடைசியில் வேறோர் இடத்தில் கிடைத்தது.

கூட்டத்தில் அவர், லிப்ட்டுக்காக ஐந்து கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் கையைத் தூக்குகிறார். 'செயலாளரே, அடுத்த கடிதத்த எட்டாவது மாடியிலேருந்து கீழ போடுங்க. லிப்ட்ட விட சீக்கிரமா போய்ச் சேரும்!' கூட்டம் சிரிக்கிறது. செயலாளர் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய, வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ஏறுகிற இடத்தில், சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தட்டலில் நிறுத்தினேன். எனக்கே திக்கென்றது. அவ்வளவு கோபமான முகத்தை நான் பார்த்ததே இல்லை.

கண்ணுக்கடியில் கொஞ்சம் கறுப்பு ஏற்றினேன். சிவப்பைக் கூட்டினேன். படத்தின் ஓரத்தில் என் கணவரின் இடது கை தூக்கியபடி இருந்தது. சிறுநீரகம் பழுதானதால், ரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி குத்துவதற்காக நரம்பை இணைத்துவைத்த கை. முழங்கைக்குக் கீழே கயிறுபோல் புடைத்திருக்கும். அதை வெட்டி எடுத்தேன். வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, 'அலமாக்! பவர் லா அக்கா!' என்று தொடையில் தட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வேலையை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

இரண்டு நாள் கழித்துச் செயலாளரின் கட்சியிலிருந்து ஆள் வந்தது. சிவப்புப் பேனர் சந்திக்குச் சந்தி தொங்கிவிட்டதால் அவர்களுக்குச் சாந்தமான முகம் வேண்டுமாம். அவருடைய பாஸ்போர்ட் படத்தை எடுத்து, புருவத்து முடிச்சைத் தளர்த்தி, உதட்டின் இரண்டு ஓரத்தையும் மயிரிழை தூக்கிவிட்டேன். அதுவும் நன்றாக வந்தது. விளக்குச் சந்தியில் இரண்டு பேனரும் எதிரும் புதிருமாகத் தொங்கின. இந்தப் பக்கம் வெறிபிடித்தவர். அந்தப் பக்கம் தூங்கி எழுந்தவர். நடுவில் சிக்னலுக்கு நிற்கும்போது நான் எந்தப் பக்கமும் பார்க்க மாட்டேன்.

வீட்டில் என் கணவர் போனில் வந்த அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 'இது என் ஜோக்குக்குச் சிரிச்ச மூஞ்சி' என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். 'இங்க என் கை இருந்திருக்கணுமே. எங்க என் கை?' என்று கேட்டார். நான் எந்தக் கடையில் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் பார்த்த செயலாளர் வேறு ஆள். கட்சி ஜொகூர் பாருவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை அவர்கூடவே அனுப்பியிருந்தது. அவர் எங்கே போனாலும் எதிர்த்தரப்பு ஆட்கள் இரண்டு மூன்று பேர் மோட்டாரில் பின்னாலேயே வருவார்கள். அவர்கள் கேள்வி கேட்க வருவதில்லை. கிளறிவிட்டு வீடியோ பிடிக்க வருவார்கள். ஒருநாள் எங்கள் திடலில் செராமா, அதாவது பிரச்சாரக் கூட்டம், நடந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் மோட்டாரை முறுக்கிச் சத்தம் எழுப்பினார்கள். 'செயலாளரே, மருந்து சாப்டாச்சா?' என்று ஒருவன் கத்தினான். 'வீட்லயும் இப்படித்தான் கத்துவீங்களா?' என்றான் இன்னொருவன். இறந்துபோன மனைவியைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள். நான்கைந்து போன்கள் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தன. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே அந்தப் பெண், 'அண்ணே, பத்து எண்ணுங்க, பத்து எண்ணுங்க' என்று சைகை காட்டினாள். அவர் உதடு அசைந்தது. எண்ணினார். பிறகு சிரித்தார். நான் கணினியில் தூக்கிவிட்ட அதே உதடு. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

வாக்களிப்பு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை எங்கள் லிப்ட் நின்றது. இருந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தது. மற்றதும் போய்விட்டது. என் கணவருக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்பு. கால் பலமில்லை, எட்டு மாடி இறங்க முடியாது. வியாழன் காலை பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஐந்தாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நாற்காலியின் கால் ஒன்று மடங்கியது. அவர் ஊசி குத்தும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அந்தக் கையில் அடிபட்டால் ரத்தம் நிற்காது. யாரும் விழவில்லை. ஆனால் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. சிகிச்சை முடிந்து வந்து அவரைத் திரும்ப மேலே ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டிலில் படுத்ததும், 'சனிக்கிழமை நான் இறங்க மாட்டேன்' என்றார். ஒரு தடவை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று தாதி எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னேன். 'தெரியும். அப்படி நாற்காலியில போறதுக்கு இது பரவால்ல' என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முதலாளியிடம் அரைநாள் விடுப்பு கேட்டு மேனேஜ்மெண்ட் ஆபிஸுக்குப் போனேன். எனக்கு முன்பே பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். செயலாளரும் அந்தக் கண்ணாடிப் பெண்ணும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். மேலாளர், சாமான் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், ஆள் திங்கட்கிழமைதான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதே பதிலை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். செயலாளர் ஒரு சத்தம் போட்டதும் அன்றைக்கே சாமான் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம். வாசலில் எதிர்த்தரப்பு ஆட்களின் இரண்டு போன்களும் அதற்காகத்தான் காத்திருந்தன.

செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல், மரியாதையான மலாயில், தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் பார்க்க முடியுமா என்று கேட்டார். மேலாளர், பார்க்கலாம் என்று கோப்பை மூடினார். பின்னாலிருந்து யாரோ, 'யாரு இது, நம்ம செயலாளரா? பல்லப் புடுங்கி விட்டாங்க போல லா' என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கவில்லை.

நான் எப்படி முன்னால் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டைக் கையைத் தொட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

'அண்ணே, அந்தப் பேனர் படத்த நான்தான் எடுத்தேன்.'

அவர் திரும்பினார்.

'நீங்க கோபமா இருந்தப்ப எடுத்தது இல்ல. எங்க வீட்டுக்காரர் ஜோக்குக்குச் சிரிச்சீங்களே, அப்ப எடுத்தது. நான்தான் செவப்பாக்கினேன்' என்றேன். பிறகு, 'நாளைக்கு அவர் கீழ இறங்கியாகணும் அண்ணே' என்றேன்.

'அண்ணே, பத்து' என்றாள் அந்தப் பெண். அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. ஐந்து, ஆறு வரைக்கும் போயிருக்கலாம்.

'நீயா?' என்றார். முதலில் மெதுவாகத்தான். 'நீயா தங்கச்சி? பத்து நாளா என் மூஞ்சிய நானே கண்ணாடியில பாக்க முடியாம…' குரல் ஏறியது. அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அந்தக் குரல் ஏறிக்கொண்டே போய், நிற்காமல், அப்படியே மேசைப் பக்கம் திரும்பியது. 'இவ வீட்டுக்காரன் எட்டாவது மாடியில மூச்சு முட்டி உக்காந்திருக்கான், உங்களுக்குத் திங்கட்கிழமையா? திங்கட்கிழமை யாருக்கு லிப்ட்? பொணத்த எறக்கறதுக்கா?' மேலாளருக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியிருக்கவில்லை. செயலாளர் மேசையில் அறைந்தார். தேநீர்க் குவளை கவிழ்ந்து கோப்புகளின்மேல் ஓடியது. 'ஹாரி இனி!' என்று கத்தினார். இன்றைக்கே. 'ஹாரி இனி! ஹாரி இனி!' மூன்றாவது முறை சொல்லும்போது மேலாளர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கண்ணாடிப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாசலில் போன் பிடித்திருந்தவர்கள் வந்த வேலை முடிந்த அவசரத்தில் மோட்டாரைக் கிளப்பினார்கள்.

ஆறரை மணிக்கு லிப்ட் ஓடியது. அதற்கு முன்பே வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. மூஞ்சி, மேசை, கவிழ்ந்த குவளை. நான் பேசியதும் இல்லை, லிப்ட் என்ற சொல்லும் இல்லை. என் கணவரின் கையை நான் வெட்டியதைப்போல வேறு யாரோ அதையெல்லாம் வெட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை இருவரும் லிப்ட்டில் இறங்கினோம். முதலில் ஓட்டு, பிறகு சிகிச்சை என்றார் கணவர். லிப்ட்டுக்குள் அந்த வீடியோவை நிறுத்தி என்னிடம் காட்டினார். 'இதான் அவரு நெசமா கோபப்பட்ட மூஞ்சி. பாரு, பாவமா இருக்கு' என்றார். செயலாளர் தோற்றார். கொஞ்ச ஓட்டில்தான். பல காரணம் இருக்கும், அரசியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அவர் கத்தியது மேலாளரையா என்னையா என்று எனக்கு இப்போதும் தெரியாது. எனக்கு வர வேண்டியது மேலாளருக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அதில் அவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. என் கணவர் இப்போது இல்லை. அவர் போனது லிப்ட்டால் இல்லை, ஆஸ்பத்திரியில் தூக்கத்தில். செயலாளர் வீட்டை விற்றுவிட்டுக் குளுவாங்கில் மகளோடு போய் இருந்தார். போன வருடம் அங்கேயே தவறிவிட்டார். பத்திரிகையில் மரண அறிவிப்பு பார்த்தேன். கட்சி போட்ட அந்தப் புன்னகைப் படத்தையே வீட்டார் கொடுத்திருந்தார்கள். நான் தூக்கிவிட்ட உதட்டோடு போயிருக்கிறார். இரண்டு படமும் நான் செய்தவை. இரண்டும் அவர் இல்லை.

மறுபடியும் தேர்தல் பேச்சு. போன வாரம் கடைக்கு ஒருவர் ஒரு பெண் வேட்பாளரின் வீடியோவைக் கொண்டுவந்தார். 'அழுமூஞ்சியா ஒண்ணு வேணும் அக்கா. சின்ன விசயத்துக்கே ஒடைஞ்சு போறவங்கன்னு தெரியணும்' என்றார். நான் முதலாளியிடம் போய், எழுத்தும் கொடியும் செய்கிறேன், முகம் வேண்டாம் என்றேன். அவர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை அச்சாகிவிட்டது. விளக்குச் சந்தியில் தொங்குகிறது. என் வேலையைவிட நன்றாகவே வந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து மோட்டாரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் செயலாளரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் இருந்தால் அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. செயலாளர் தோற்ற அந்த வாக்களிப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குக் குப்பை போடக் கீழே போனேன். செயலாளர் ஓர் ஏணியும் கத்தியும் கொண்டுவந்து, சந்தியிலிருந்து அறுத்தெடுத்த சிவப்புப் பேனரைக் கொட்டகைக்குள் விரித்துக்கொண்டிருந்தார். 'தங்கச்சி, ஏணியப் புடி' என்றார். பிடித்தேன். மூலைக்கு ஒரு கயிறாக நான்கு முடிச்சுப் போட்டார். படம் கீழே பார்த்து இருக்கட்டும், வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்றார். இறங்கி ஏணியை எடுத்துக்கொண்டு போனார். லிப்ட் அன்று ஒருமுறை மூன்றாவது மாடியில் நின்றது. பிறகு ஓடியது.